மெக்டவல் கவுன்டியில் மூன்றாண்டு வேய்வர் பணி: கையெழுத்திடும் முன் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் ரெசிடென்சி என்னும் மருத்துவ மேற்பயிற்சியை முடிக்கும் தறுவாயில் இருக்கும் தமிழ் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜே-1 விசாவில் பயிற்சிக்கு வந்தவர்கள் பயிற்சி முடிந்தபின் இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால் அதிலிருந்து வேய்வர் எனப்படும் விலக்குக் கிடைக்கும் என்ற ஏற்பாடும் உங்களுக்குத் தெரிந்தவையே. செனட்டர் கென்ட் கான்ராடின் பெயரால் அழைக்கப்படும் இத்திட்டம் 1994இல் தொடங்கியது. இன்று ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 மருத்துவர்கள் வரை இதன் வழியே பரிந்துரைக்கலாம். விசாவைப் பற்றி வழக்கறிஞர் விரிவாகப் பேசுவார்; சம்பளத்தைப் பற்றி ஆள்சேர்ப்பு முகவர் பேசுவார். போய்ச் சேரப்போகும் கவுன்டியில் (மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற பிரிவு அது) யார் வாழ்கிறார்கள், எதைக்கொண்டு வாழ்கிறார்கள் என்பதை எனக்கு எவரும் சொல்லவில்லை. மேற்கு வெர்ஜீனியாவின் தென்கோடியில் உள்ள மெக்டவல் கவுன்டியில் 2022 கோடையில் பணியேற்று, 2025 கோடையில் ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்தேன். நோயாளிகளைப் பொறுத்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் முதல் ஓராண்டில் இழந்த பணமும் தூக்கமும், யாராவது ஒருவர் அரைமணி நேரம் என்னோடு உட்கார்ந்து அந்தக் கவுன்டியின் எண்களை விளக்கியிருந்தால் பெருமளவு மிஞ்சியிருக்கும்.

எண்கள் கிடைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் இணையப் பக்கத்தில் அமெரிக்காவின் எந்தக் கவுன்டிக்கும் ஒரு சுருக்கம் இருக்கிறது. மெக்டவலுக்கு நான் பார்த்தவை இவை: 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 19,111, ஐந்தில் ஒருவருக்கும் மேல் 65 வயதைத் தாண்டியவர்கள், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே, குடும்பங்களின் இடைநிலை ஆண்டு வருமானம் 30,000 டாலரை எட்டவில்லை, நாட்டின் இடைநிலையோ அதைப்போல் இருமடங்குக்கும் மேல், சொந்த வீடுகளின் இடைநிலை மதிப்பு 50,000 டாலருக்கும் கீழே. மிச்சிகனில் ஒரு படுக்கையறை வீட்டுக்கு மாதம் 1,400 டாலர் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கடைசி எண் கண்ணில் பட்டதும் மனம் குளிர்ந்துபோனது. ஏழ்மையான ஊர்தான், ஆனால் செலவு குறையும், மூன்று ஆண்டுகளில் கல்விக்கடனை அடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். படிக்கும் எவருக்கும் தோன்றக்கூடிய கணக்குத்தான் அது. அந்த எண்கள் ஒவ்வொன்றும் உண்மையானவை. ஆனால் எதை எண்ணி, எதை விட்டு வந்தவை என்று தெரியாதவருக்கு அவற்றால் பயனில்லை.

முதலில் மக்கள்தொகையை எடுத்துக்கொள்வோம். ஒரே ஒரு ஆண்டின் எண்ணைப் பார்க்காதீர்கள்; கிடைக்கும் எல்லாக் கணக்கெடுப்புகளையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். மெக்டவலில் 1950இல் 98,887 பேர் இருந்தார்கள். 1960இல் 71,359, 1980இல் 49,899, 1990இல் 35,233, 2010இல் 22,113. அமெரிக்காவிலேயே அதிக நிலக்கரி வெட்டிய கவுன்டிகளுள் ஒன்றாக இருந்த ஊர் இது. போகஹான்டஸ் என்னும் இங்குள்ள நிலக்கரிப் படிவத்தின் கரி புகை குறைந்தது, எஃகு உருக்குவதற்கு ஏற்றது. கப்பல்களும் ரயில்களும் எஃகாலைகளும் அதை விரும்பி வாங்கின. தென்மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத்தவரும், இத்தாலி, ஹங்கேரி, போலந்து நாடுகளிலிருந்து வந்தவர்களும் சுரங்க நிறுவனங்கள் கட்டிய குடியிருப்புகளில் நிறைந்திருந்தார்கள். ரயில்கள் டீசலுக்கு மாறியதும், 1950களில் வெட்டும் எந்திரங்கள் சுரங்கத்துக்குள் இறங்கியதும் ஆட்தேவை சரிந்தது. 1980களில் எஃகுத் தொழில் தளர்ந்தபோது கேரி என்ற ஊரில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் தன் சுரங்கங்களை மூடியது. அந்தப் பத்தாண்டில் மட்டும் கவுன்டி ஏறத்தாழ 15,000 பேரை இழந்தது. கரி இன்றும் வெட்டப்படுகிறது, எஃகுக்காகவே வெட்டப்படுகிறது, அதற்கு மிகக் குறைந்த ஆட்களே போதும்.

இந்தச் சரிவு மருத்துவராகப் போகிற எனக்கு ஏன் முக்கியம் என்று அப்போது யாரேனும் கேட்டிருந்தால் பதில் தெரிந்திருக்காது. போன பிறகு தெரிந்தது: ஒரு லட்சம் பேருக்காகக் கட்டிய குடிநீர்க் குழாய்களையும் பள்ளிகளையும் சாலைகளையும் அந்தத் தொகையில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத மக்கள், அவர்களிலும் கணிசமானோர் முதியவர்கள், பராமரிக்க வேண்டியிருக்கிறது. வரி கட்டுவோர் குறையும்போது குழாய் நீளம் குறைவதில்லை. நீங்கள் போகும் கவுன்டியின் மக்கள்தொகை உச்சத்திலிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்; பாதிக்கும் மேல் இறங்கியிருந்தால், தண்ணீரைப் பற்றியும் கழிவுநீரைப் பற்றியும் தனியாக விசாரிக்க வேண்டும் என்பதற்கு அதுவே போதுமான அறிகுறி.

அந்த 19,111 பேரிலும் ஒரு கணிசமான பகுதியினர் சிறைவாசிகள். 2010இல் கவுன்டியின் தலைநகரான வெல்ச்சுக்கு அருகே கூட்டரசுச் சிறை ஒன்று திறக்கப்பட்டது. வெல்ச்சிலேயே மாநிலச் சிறையும் இருக்கிறது. கணக்கெடுப்பின் விதிப்படி, கைதி எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டவராயினும் சிறை இருக்கும் கவுன்டியில் வசிப்பவராகவே எண்ணப்படுவார். ஆகவே இளம் ஆண்களின் விகிதமும் கறுப்பினத்தவரின் விகிதமும் தெருவில் காண்பதைவிடக் காகிதத்தில் கூடுதலாகத் தெரியும். கடைக்கு வராத, வாடகை கொடுக்காத, கிளினிக்குக்கு வராத ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மொத்தத்தில் சேர்ந்திருப்பார்கள். கிராமப்புற அமெரிக்காவில் சிறை கட்டுவதே வேலைவாய்ப்புத் திட்டமாக இருந்துவருவதால், இது மெக்டவலுக்கு மட்டும் உரிய செய்தி இல்லை. கணக்கெடுப்பு அட்டவணைகளில் நிறுவனங்களில் வசிப்போர் என்று ஒரு வரி இருக்கும். அதை மொத்தத்திலிருந்து கழித்துவிட்டுப் படியுங்கள். அப்படிக் கழித்த பிறகுதான் உங்கள் கிளினிக்குக்கு எத்தனை பேர் வரக்கூடும் என்பது விளங்கும். இந்தக் கணக்கு பின்னால் என் ஊக்கத்தொகையையே பாதித்தது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

சிறிய கவுன்டிகளைப் பற்றி இன்னொரு நுட்பமும் உண்டு. வருமானம், வறுமை, வீட்டு வாடகை ஆகியவை பத்தாண்டுக் கணக்கெடுப்பிலிருந்து வருவதில்லை; ஆண்டுதோறும் சிலரிடம் மட்டும் வினவி எடுக்கும் அமெரிக்கச் சமூக ஆய்விலிருந்து வருகின்றன. மக்கள்தொகை 65,000க்குக் குறைந்த கவுன்டிகளுக்கு ஓராண்டுத் தரவு வெளியாவதில்லை, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்த சராசரிதான் வெளியாகும். எனவே நீங்கள் பார்க்கும் எண்ணில் கொரோனாவுக்கு முந்தைய ஆண்டும் பிந்தைய ஆண்டும் கலந்திருக்கலாம். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் பிழை வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். சிறிய ஊர்களுக்கு அது பெரிதாகவே இருக்கும். வாடகை என்ற வரியில் நானூறோ அறுநூறோ எழுதியிருந்தால் அந்த வாடகைக்கு வீடு கிடைக்கும் என்று நம்பிவிட வேண்டாம். பல ஆண்டுகளாக அதே வீட்டில் இருப்பவர் கொடுக்கும் வாடகை அது. புதிதாக வருபவருக்குத் தேவை, இன்று காலியாக, குடியிருக்கத் தகுந்த நிலையில் எத்தனை வீடுகள் உள்ளன என்ற தகவல். அதற்கு அட்டவணை கிடையாது.

வீட்டு விஷயத்தில்தான் நான் கடுமையாக அடிபட்டேன். ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு வாடகைக்கு வீடு தேடினால் விளம்பரங்களே அரிது. மலைச்சரிவில் காலி வீடுகள் வரிசையாக நிற்கின்றன, ஆனால் அவற்றில் பல கூரை சரிந்தவை, சில வாரிசுகள் எங்கோ போய்விட்டதால் பத்திரம் சிக்கலில் கிடப்பவை. தட்டையான நிலம் குறைவு. இருப்பதும் ஆற்றோரம், வெள்ளம் வரும் இடம். மலைகளில் பெரும்பகுதி நிலம் வெளியூர் நில நிறுவனங்களின் கையில் தலைமுறைகளாக இருப்பதால் புதிதாகக் கட்டுவோரும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் வீடுகளை வேறொரு சந்தை எடுத்துக்கொண்டது: ஹாட்ஃபீல்டு-மெக்காய் மலைப்பாதைகளில் நான்கு சக்கர மோட்டார் வண்டி ஓட்ட வார இறுதிகளில் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். அவர்களுக்கு ஓர் இரவுக்கு வீட்டை விட்டால் கிடைக்கும் தொகைக்கு, என்னைப் போன்ற மாத வாடகைக்காரர் எப்படி ஈடு கொடுக்க முடியும்? வீட்டின் மதிப்பு மலிவாக இருக்கும் ஊரில் வீடு எளிதாகக் கிடைக்கும் என்பது நகரத்துக் கணக்கு. அங்கே மலிவு என்பதன் பொருள், வாங்க ஆளில்லை, பழுதுபார்க்கப் பணம் போட்டால் அது திரும்ப வராது, ஆகவே எவரும் பழுதுபார்ப்பதில்லை என்பதே.

கடைசியில் வெளி மாநிலத்தில் இருந்த உரிமையாளர் ஒருவரிடம், புகைப்படங்களைப் பார்த்தே ஒரு வீட்டை எடுத்தேன். முன்பணம், முதல் மாத வாடகை, கடைசி மாத வாடகை எல்லாம் சேர்த்து 2,550 டாலர் அனுப்பினேன். போய்ப் பார்த்தால் அடித்தளத்தில் சுவரெங்கும் பூஞ்சை. பழைய வெள்ளத்தின் கோடு வெள்ளைச் சாயத்துக்குக் கீழே தெளிவாகத் தெரிந்தது. வீட்டைச் சூடாக்கும் மின்கட்டணம் டிசம்பரில் வாடகையில் பாதியைத் தாண்டியது. செப்டம்பரிலேயே இருமல் தொடங்கியது. என் நெஞ்சை நானே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த இரவுகள் நினைவில் உள்ளன. இருமிக்கொண்டே கிளினிக்குக்குப் போய், கரித்தூசியால் நுரையீரல் இறுகிப்போன முதியவர்களிடம் நான் ஆறுதல் சொல்வேன். அவர்கள் என்னிடம், "டாக்டர், முதலில் அந்த வீட்டை விட்டு வெளியேறுங்கள்" என்பார்கள். குளிர்காலம் முடியுமுன் வெளியேறினேன். முன்பணம் திரும்ப வரவில்லை. மெத்தையும் சோபாவும் குப்பைக்குப் போயின. எல்லாம் சேர்த்து நாலாயிரம் டாலருக்கு மேல் போயிற்று. வழக்குப் போடலாம் என்றார்கள். வேய்வர் ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வழக்கு என்ற சொல்லே அச்சம் தருவது, நான் போகவில்லை. உங்களுக்கு என் யோசனை: முதல் இரண்டு மாதங்களுக்கு விடுதியோ மாதவாடகை அறையோ எடுத்துத் தங்குங்கள், அதன் செலவைப் பணியமர்த்துபவரிடம் ஒப்பந்தத்திலேயே கேட்டு எழுதி வாங்குங்கள், வீட்டை நேரில் பார்த்து, அடித்தளத்துக்குள் இறங்கி, சுவரை முகர்ந்து பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வெள்ள அபாய வரைபடம் கூட்டரசு நெருக்கடி மேலாண்மை முகமையின் தளத்தில் முகவரி வாரியாகக் கிடைக்கும், அதையும் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சுரங்க நிறுவனங்கள் தத்தம் குடியிருப்புக்கென்று போட்ட சிறுசிறு நீர் அமைப்புகள், நிறுவனங்கள் போன பிறகு பேரூராட்சிகளின் தலையில் விழுந்தன. கீஸ்டோன் என்ற சிற்றூரில் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு பல ஆண்டுகள் நீடித்தது. பின்னர் கவுன்டியின் பொதுச்சேவை மாவட்டம் என்ற குடிநீர் வழங்கும் அமைப்பு பொறுப்பேற்றுக் குழாய்களை மாற்றியது. சாலையோரப் பாறையிலிருந்து வடியும் ஊற்றில் குடம்குடமாகப் பிடித்துச் செல்பவர்களை இன்றும் காணலாம். சில பள்ளத்தாக்குகளில் கழிவுநீர் நேராக ஓடைக்குப் போகிறது. நான் முதலில் இருந்த வீட்டிலும் குழாய்த் தண்ணீர் சில நாள்கள் பழுப்பாகவே வரும். பெட்டி பெட்டியாகப் பாட்டில் நீர் வாங்கிச் சோறு வடித்தேன். உலகிலேயே பணக்கார நாடு என்ற நினைப்போடு வந்தவருக்கு இது ஓர் அடி. சிறுநீரக நோயாளிக்கு நாள்தோறும் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லிவிட்டு, எந்தத் தண்ணீரை என்று கேட்டபோது வாயடைத்துப்போன மருத்துவர் நான்.

பிறகு பக்கத்து மெர்சர் கவுன்டியின் பிரின்ஸ்டன் நகரில் ஓர் அடுக்ககத்தில் குடியேறினேன். அங்கிருந்து வெல்ச்சுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். மைல் கணக்கில் பார்த்தால் சிறிய தூரம். ஆனால் மெக்டவலுக்குள் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலை கிடையாது, கொண்டைஊசி வளைவுகளும் கரி லாரிகளும் பனிமூட்டமும்தான் உண்டு. பயிற்சிக் காலத்துச் சிறிய கார் அந்தச் சாலையில் தாக்குப்பிடிக்காமல் 19,000 டாலருக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய வண்டி வாங்கினேன். நாள்தோறும் இரண்டு மணி நேரம் சாலையில் போயிற்று, வழியில் பெரும்பகுதி கைபேசிக்குச் சிக்னலே இருக்காது. இங்கே ஒரு செய்தி: வேய்வரும் எச்-1பி என்ற வேலை விசாவும் நீங்கள் பணிபுரியும் முகவரியையே கட்டுப்படுத்துகின்றன, நீங்கள் எங்கே உறங்குகிறீர்கள் என்பதை அவை கேட்பதில்லை. கவுன்டிக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று எண்ணி நான் பல மாதங்கள் அந்தப் பூஞ்சை வீட்டில் கிடந்தேன். எல்லைக்கு அப்பால் வெர்ஜீனியாவில் குடியிருந்தாலும் சம்பள வரி விஷயத்தில் அவ்விரு மாநிலங்களுக்கும் உடன்பாடு இருப்பதால் சிக்கல் பெரிதில்லை. உங்கள் வழக்கறிஞரிடம் இந்தக் கேள்வியை முதல் நாளே கேளுங்கள்.

பிரின்ஸ்டனுக்கு வந்த பிறகு காலை நேரச் சாலையைப் பார்த்துத்தான் அந்த வருமான எண்ணின் உட்பொருள் எனக்குப் பிடிபட்டது. என்னைப் போலவே செவிலியர்களும் ஆசிரியர்களும் வெளிக் கவுன்டிகளிலிருந்து வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் சம்பளம் மெக்டவலில் ஈட்டப்பட்டாலும் அவர்கள் குடியிருக்கும் கவுன்டியின் கணக்கில்தான் ஏறும். ஆசிரியர்கள் தங்க வீடில்லாமல் ஓடிப்போகிறார்கள் என்பதால், அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பு 2011இல் தொடங்கிவைத்த கூட்டு முயற்சி வெல்ச் நகர மையத்தில் அவர்களுக்கென்றே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டும் அளவுக்குப் போயிற்று. உள்ளூரிலேயே வசிப்பவர்களில் வயதுவந்தோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே வேலையிலோ வேலை தேடுவதிலோ இருக்கிறார்கள். மற்றவர்கள் எதைக்கொண்டு வாழ்கிறார்கள் என்றால், முதியோர் ஓய்வூதியம், ஊனமுற்றோர் உதவித்தொகை, சுரங்கத் தொழிலாளரின் கரிநுரையீரல் இழப்பீடு, உணவு உதவி ஆகியவற்றைக்கொண்டே. கவுன்டியின் மொத்தத் தனிநபர் வருமானத்தில் ஏறத்தாழ பாதி இப்படி அரசிடமிருந்து வருவது. பொருளாதாரப் பகுப்பாய்வுத் துறை இதைக் கவுன்டி வாரியாக வெளியிடுகிறது. இதைச் சோம்பலின் சான்றாகச் சொல்வோரும் உண்டு. முப்பது வருடம் நிலத்துக்கடியில் குனிந்தே வேலை செய்து முதுகெலும்பு நொறுங்கியவர்களை நாள்தோறும் தொட்டுப் பார்த்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். இன்றைய உணவு உதவித் திட்டத்தின் முன்னோடிச் சோதனையில், நாட்டிலேயே முதல் கூப்பன்கள் 1961 மே மாதத்தில் இந்தக் கவுன்டியின் சுரங்கத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்குத்தான் வழங்கப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டு தேர்தல் பிரச்சாரத்துக்கு வந்த கென்னடி இங்கே கண்ட பட்டினியின் விளைவு அது.

இது மருத்துவரின் ஒப்பந்தத்தில் எப்படி வந்து நிற்கிறது என்று பாருங்கள். நோயாளிகளில் பெரும்பான்மையோர் முதியோருக்கான மெடிகேர் அல்லது ஏழைகளுக்கான மெடிகெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் இருப்பார்கள். தனியார் காப்பீடு மிகக் குறைவு. கிளினிக்கின் வருவாயே அரசுக் கட்டண விகிதத்தைப் பொறுத்தது என்பதால் பேரம் பேச அவர்களிடம் அதிகம் இருக்காது. அடிப்படைச் சம்பளம் விசா விதிகளால் காக்கப்படும், ஊக்கத்தொகை காக்கப்படாது. என் ஒப்பந்தத்தில் இரண்டாம் ஆண்டிலிருந்து ஊக்கத்தொகை, பார்த்த நோயாளிகளுக்குச் செய்த பணியின் அளவைக் கணக்கிடும் பணி அலகைப் பொறுத்தது என்று இருந்தது. நாட்டின் இடைநிலையை வைத்து இலக்கு குறிக்கப்பட்டிருந்தது. இது எல்லா ஒப்பந்தங்களிலும் காணும் வழக்கமான வாசகம், எவரையும் குறைசொல்வதற்கில்லை. ஆனால் சிறைவாசிகளைக் கழித்த மக்கள்தொகையில், கார் இல்லாதவர்களும் பெட்ரோலுக்கு மாதக் கடைசியில் காசில்லாதவர்களும் நிறைந்த ஊரில், முன்பதிவு செய்தவர்களில் பலர் வர மாட்டார்கள். உதவித்தொகை வரும் மாதத்தின் முதல் வாரத்தில் கிளினிக் நிரம்பி வழியும். நான்காம் வாரத்தில் நாற்காலிகள் காலி. வந்தவர்களோ ஒவ்வொருவரும் ஐந்தாறு நோய்களோடு வருவார்கள், ஒருவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். இலக்கை நான் எட்டவே இல்லை. ஊக்கத்தொகையை எதிர்பார்த்துப் போட்டிருந்த கணக்கில் மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 25,000 டாலர் குறைந்தது. நீங்கள் கையெழுத்திடும் முன், முன்பதிவு செய்தும் வராதோர் விகிதத்தையும், உங்களுக்கு முன் அந்தப் பதவியில் இருந்தவர் இலக்கை எட்டினாரா என்பதையும் கேளுங்கள். நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் பதில் தர அளவுகோல்களை வைத்து ஊக்கத்தொகை கேட்டால் கிராமப்புறக் கிளினிக்குகள் சில இசைகின்றன.

தனிமையைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் விடுவதும் நேர்மையாகாது. கவுன்டியில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் வெள்ளையர். இந்திய மருத்துவர்கள் 1970கள் முதலே அப்பகுதியின் சுரங்க ஊர்களில் பணியாற்றி வந்திருப்பதால், என் நிறமோ உச்சரிப்போ எவருக்கும் புதிதாக இல்லை. தங்கள் பிள்ளைப் பருவத்து மருத்துவரும் இந்தியரே என்று பெருமையாகச் சொல்வார்கள், தோட்டத்துத் தக்காளியைப் பையில் கட்டிக் கொடுப்பார்கள். வெறுப்பை நான் சந்திக்கவில்லை. இரவு எட்டு மணிக்குப் பேச ஆளில்லாததுதான் கனத்தது. கிம்பல் என்ற ஊரில் இருந்த வால்மார்ட் 2016 ஜனவரியில் மூடப்பட்டதிலிருந்து கவுன்டிக்குள் பெரிய கடை இல்லை. புளிக்கும் உளுந்துக்கும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓட்டி வெர்ஜீனியாவின் ரோனோக் பக்கம் போக வேண்டும். தீபாவளியன்று பணியில் இருந்துவிட்டு வீடு திரும்பி, அம்மாவிடம் காணொளியில் பேசும்போது, சாப்பிட்டாயா என்ற கேள்விக்குப் பொய் சொன்னேன். நான் பார்க்கும் நோயாளிகளில் என் அப்பாவின் வயதை எட்டாமலே பலர் போய்க்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் சுகாதார அளவீட்டு நிறுவனம் 2013இல் வெளியிட்ட கணக்கில் இக்கவுன்டி ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 64 வயதுக்கும் கீழே இருந்தது. அந்த எண்ணைப் படித்துவிட்டுப் போவதும், அந்த எண்ணில் அடங்கும் மனிதர்களின் பெயர்களை அறிந்து வழியனுப்புவதும் ஒன்றாகாது. தொலைவழி மனநல ஆலோசனையை இரண்டாம் ஆண்டில்தான் தொடங்கினேன். நீங்கள் போன மாதமே தொடங்கிவிடுங்கள். மருத்துவருக்கு அது எதற்கு என்ற வீண் பெருமை வேண்டாம்.

2025 பிப்ரவரி நடுவில் வெள்ளம் வந்தது. டக் ஃபோர்க் ஆறும் எல்க்ஹார்ன் ஓடையும் வெல்ச்சில்தான் கூடுகின்றன. இரண்டும் ஒரே நாளில் கரைபுரண்டன. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. 2001இலும் 2002இலும் இதே பள்ளத்தாக்குகள் மூழ்கியதை என் நோயாளிகள் ஆண்டும் மாதமும் சொல்லி நினைவுகூர்வார்கள். சாலைகள் சரிந்ததால் சில நாள்கள் நானே கிளினிக்கை அடைய முடியவில்லை. இன்சுலின் தீர்ந்தவர்களுக்கும் ஆக்சிஜன் எந்திரத்துக்கு மின்சாரம் இல்லாதவர்களுக்கும் தொலைபேசியில் வழி சொல்லிக்கொண்டிருந்தோம். நீர் அமைப்புகள் மீளப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரத்துக்குப் பிறகு கவுன்டியை விட்டுப் போகத் தீர்மானித்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே சில உண்டு. கார், வீட்டுப் பொருள் காப்பீடுகளை எடுக்கும்போது வெள்ளச் சேதம் எதில் சேரும், எதில் சேராது என்று வரிவரியாகக் கேளுங்கள். சாதாரண வாடகைதாரர் காப்பீட்டில் அது சேராது, தனியாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் பெரும்பாலும் முப்பது நாள் கழித்தே நடைமுறைக்கு வரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மெக்டவலையோ அதுபோன்ற கவுன்டியையோ தவிர்த்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தொழில் கற்ற இடம் அது. ரெசிடென்சியில் புத்தகத்தில் மட்டும் படித்ததை அங்கே கையால் கற்றேன். என் இளையவர் ஒருவருக்கு அண்மையில் இதேபோன்ற கவுன்டியில் வாய்ப்பு வந்தபோது அவரை இப்படிச் செய்யச் சொன்னேன். நேர்காணலுக்குப் போகும்போது ஒரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் கேட்டு வாங்கு, அதில் ஒரு நாள் பிப்ரவரியில் வருமாறு பார்த்துக்கொள். கிளினிக்கில் உடன் பணிபுரியப்போகும் செவிலியரிடம் அவர் எந்த ஊரில் குடியிருக்கிறார், ஏன் அங்கே குடியிருக்கிறார் என்று கேள். கவுன்டியின் பொதுச்சேவை மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்து, குறிப்பிட்ட தெருவுக்குக் கொதிநீர் அறிவிப்பு கடைசியாக எப்போது இருந்தது என்று கேள், சொல்வார்கள். மாநிலச் சுகாதாரத் துறையில் கான்ராட் திட்டத்தைக் கவனிக்கும் அலுவலரிடம், பணியிடம் மூடப்பட்டாலோ வேறு இக்கட்டு நேர்ந்தாலோ வேறு கவுன்டிக்கு மாற என்ன ஆவணங்கள் வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கு. சட்டத்தில் அதற்கு இடமுண்டு, ஆனால் நெருக்கடி வந்த பிறகு தேட நேரமிராது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முன்பணத்தை மாதவாடகை விடுதிக்கு மாற்றச் சொல்லி ஒப்பந்தத்தைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். மருத்துவமனைத் தரப்பு ஒரு வாரத்தில் ஒப்புக்கொண்டது.